‘புரவலர்’ யார்?

ஸ்பான்சர் என்பதைப் புரவலர் ஆக்கி, ‘உலகக் கோப்பைக் கால்பந்தின் புரவலரான அராம்கோ’ என்று நம் மொழிபெயர்ப்பாளர்கள் எழுதுகிறார்கள். ஒருமுறை என்றால் அவசரத்தில் எழுதியது என்று விட்டுவிடலாம். 2022 வரை காஸ்ப்ரோம் ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீகின் புரவலர், டோட்டல்எனர்ஜிஸ் ஆப்பிரிக்கக் கோப்பையின் புரவலர், ஷெல் பிரிட்டிஷ் சைக்கிள் சங்கத்தின் புரவலர். எண்ணெயும் எரிவாயுவும் விற்கிறவர்கள் எல்லோரும் தமிழில் வந்ததும் கடையெழு வள்ளல்களோடு பந்தியில் உட்கார்ந்துவிடுகிறார்கள்.

முதலில் மூலச்சொல். ஸ்பான்சர் லத்தீனிலிருந்து வந்தது. பிறருக்காக உறுதிமொழி கொடுப்பவர், பிணை நிற்பவர் என்று பொருள். திருச்சபையில் அது ஞானஸ்நானத்தில் குழந்தைக்காக வாக்குக் கொடுப்பவரைக் குறித்தது. எங்கள் குமரிக் கடற்கரையில் அவர் ஞானத்தகப்பன். நீரோடியைத் தாண்டிக் கேரளத்துப் பொழியூருக்குள் கால்வைத்தால் மலையாளத்தில் தலதொட்டப்பன். அமெரிக்க வானொலிக் காலத்தில், நிகழ்ச்சிக்குப் பணம் கொடுத்து நடுவில் தன் சோப்பைப் பற்றிப் பேசவைத்த கம்பெனிக்கும் அதே சொல் ஒட்டிக்கொண்டது. இன்று நாம் மொழிபெயர்க்க வேண்டியது இந்தக் கடைசிப் பொருளை மட்டும்தான். மலையாளத்தார் இந்தியைப் போலவே ‘பிராயோஜகர்’ என்று வைத்துக்கொண்டார்கள். ஈழத்தில் ‘அனுசரணையாளர்’. நாம்தான் வம்புக்கென்று புறநானூற்றுக்குப் போனோம்.

புரத்தல் என்றால் காத்தல். காக்கிறவன் புரவலன், கேட்டு வருகிறவன் இரவலன். இந்த ஜோடியில் வணிகத்துக்கு இடமே இல்லை. ஆய் அண்டிரனைப் பாடிய உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் அதைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறார்: ‘இம்மைச் செய்தது மறுமைக்கு ஆம் எனும் அறவிலை வணிகன் ஆய் அலன்.’ இங்கே கொடுத்ததை அங்கே வாங்கிக்கொள்ளலாம் என்று கணக்குப் பார்த்து அறத்தை விற்கும் வியாபாரி அல்ல அவன். ஆயின் பொதியில் மலை எங்களுக்கு வடகிழக்கே, தமிழ்நாடும் கேரளமும் பங்கிட்டுக்கொண்ட அதே மலைத்தொடர். மறுமையில் பலன் எதிர்பார்த்தால்கூட வணிகம் என்று பழித்த ஊரில், ஆட்டத்தின் இடைவேளைக்குள் பலன் எதிர்பார்க்கிறவனுக்குப் புரவலர் பட்டம் கட்டுகிறோம். அறவிலை வணிகன் என்பதே ஸ்பான்சருக்குச் சரியான தமிழ் என்று சொல்லிவிடலாம். ஆனால் எந்தக் கம்பெனி அதைப் பதாகையில் போட விடும்?

‘ஒரு சொல்லுக்கு இவ்வளவு சண்டையா?’ என்பார்கள். 2024 ஏப்ரலில் ஃபிஃபா அராம்கோவோடு 2027 வரைக்கும் ஒப்பந்தம் போட்டது. அதே ஆண்டு அக்டோபரில் நூற்றுக்கும் மேற்பட்ட பெண் கால்பந்து வீரர்கள் அந்த ஒப்பந்தத்தை விடச்சொல்லி ஃபிஃபாவுக்குத் திறந்த மடல் எழுதினார்கள். சவூதியில் பெண்களின் நிலை ஒரு காரணம், எண்ணெயால் புவி சூடேறுவது இன்னொன்று. இப்போது இதைத் தமிழில் ‘புரவலரை நீக்கக் கோரிய வீராங்கனைகள்’ என்று எழுதிப் பாருங்கள். சோறு போட்டவனையே வெளியே தள்ளச் சொல்கிறார்கள் என்று ஆகிவிடுகிறது. ‘விளம்பரதாரரை நீக்கக் கோரிய’ என்றால் அது வெறும் வியாபார முடிவு. ஆஸ்திரேலியக் கிரிக்கெட் கேப்டன் பேட் கம்மின்ஸ், நிலக்கரி மின்சாரம் விற்கும் அலின்டாவோடு வாரியம் வைத்திருந்த ஒப்பந்தம் பற்றிக் கவலை தெரிவித்ததாக 2022இல் செய்தி வந்தபோது, அவரை நன்றிகெட்டவர் என்று அங்கேயே சிலர் ஏசினார்கள். அந்த ஏச்சைத் தமிழில் நாம் தனியாகச் சொல்லவே வேண்டாம், சொல்லுக்குள்ளேயே வைத்துத் தந்துவிடுகிறோம்.

புரவலர் கட்சிக்காரர்களிடம் ஒரு நல்ல வாதம் உண்டு. இந்தியன் ஆயிலும் ஓஎன்ஜிசியும் பல பத்தாண்டுகளாக விளையாட்டுக்காரர்களுக்கு வேலை கொடுத்து வருகின்றன. மாதச் சம்பளம் இல்லாவிட்டால் ஆட்டத்தையே விட்டிருக்கும் எத்தனையோ பிள்ளைகளை அது காப்பாற்றியிருக்கிறது. உண்மைதான், புரத்தலுக்கு இது கிட்டே வருகிறது. ஆனால் அதற்கு ‘வேலை கொடுத்தார்கள்’ என்ற சொல்லே போதும். அதே கம்பெனி உலகக் கோப்பை மைதானத்தில் பலகை வைக்கும்போது வேலை கொடுக்கவில்லை, இடம் வாங்குகிறது. அந்த இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் சம்பளம் வாங்கும் பிள்ளையின் பெயரைச் சொல்லிப் பலகை தப்பித்துக்கொள்கிறது.

சிகரெட்டுக்கும் இதே கதைதான். 1996 கிரிக்கெட் உலகக் கோப்பையின் பெயரே வில்ஸ் உலகக் கோப்பை. இந்திய அணியின் சட்டையிலும் வில்ஸ். வில்ஸ் விற்கும் ஐடிசி 2001இல் விலகியது, 2003இல் புகையிலை விளம்பரத்தோடு அதன் ஸ்பான்சர்ஷிப்பையும் சட்டம் தடுத்தது. வில்ஸ் கிரிக்கெட்டைப் புரந்தது என்று இன்று யாராவது எழுதுவார்களா?

எங்கள் பக்கத்தில் இது தூரத்துச் சங்கதி அல்ல. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி, அந்தப்புறம் பொழியூர் என்று கடலோரம் முழுக்கக் கால்பந்துப் பைத்தியம். பிள்ளைகள் பழகுவது கடற்கரை மணலில். அந்த மணலைக் கடல் அரித்துக்கொண்டு போகிறது. கடலுக்குள் கல்லைக் கொட்டித் தூண்டில் வளைவு கட்டினால் ஓரிடத்தில் நிற்கிறது, அடுத்த ஊரில் தின்கிறது. அரிப்புக்குத் துறைமுகச் சுவர், மணல் அள்ளுதல் என்று வேறு காரணங்களும் உண்டு. ஆனால் நிலக்கரியும் எண்ணெயும் எரித்த புகையால் அரபிக்கடல் சூடேறுகிறது, அங்கே கடும்புயல்கள் கூடுகின்றன என்பது ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி வந்தபோது ஆழ்கடலில் இருந்தவர்களில் எத்தனை பேர் திரும்பவில்லை என்பதை இந்த ஊர்களில் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். அவர்கள் பிள்ளைகளிடம் போய், எண்ணெய்க் கம்பெனி உன் ஆட்டத்தைக் காக்கிறது என்று எந்த வாயால் சொல்வது?

சரி, வேறு என்ன சொல்வது? ‘நல்கையாளர்’ என்கிறார்கள், நல்குதலும் கொடைதான், பழைய நோய் புதிய பெயரில். ‘ஆதரவாளர்’ என்றால் மைதானத்தில் விசில் அடிக்கிறவர். ‘அனுசரணையாளர்’ ஈழத்தில் புழங்கட்டும்; இங்கே அனுசரணை என்றால் அன்பாக நடந்துகொள்வது. ‘உபயதாரர்’ கொஞ்சம் நேர்மையானது. கோவில் டியூப்லைட்டில் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு பெயர் எழுதுகிறவரை நமக்குத் தெரியும். ஆனால் அங்கே பேருக்காவது ஒரு சாமி இருக்கிறது.

நான் பிடிப்பது ‘விளம்பரதாரர்’. தூயவர்கள் உடனே ‘தாரர்’ பாரசீகம் என்பார்கள். இருக்கட்டுமே, குத்தகைதாரர், ஒப்பந்ததாரர் எல்லாம் நம்மோடுதானே இருக்கிறார்கள். கூசுகிறவர்கள் ‘விளம்பரம் தருவோர்’ என்று எழுதட்டும். தூய தமிழில் ஒரு பொய் சொல்வதைவிடக் கலப்புத் தமிழில் நடந்ததைச் சொல்லலாம் என்பது என் கட்சி. இந்த மொழிபெயர்ப்பாளர்களில் பாதிப் பேர் ‘ஸ்போர்ட்ஸ்வாஷிங்’கை ‘விளையாட்டுச் சலவை’ என்று வேறு எழுதுகிறார்கள். படிக்கிறவர் ஜெர்சி துவைப்பது என்று நினைத்தால் அது அவர் குற்றமா? ஆட்டத்தைக் காட்டிக் கறையை மறைப்பது என்று நாலு வார்த்தையில் எழுதினால் என்ன குறைந்துவிடும்?

அராம்கோவை ஃபிஃபா ஸ்பான்சர் என்றுகூடச் சொல்வதில்லை, பார்ட்னர் என்கிறது. மொழிபெயர்ப்பாளர் கண்ணை மூடிக்கொண்டு ‘பங்குதாரர்’ என்று எழுதுகிறார். பங்குதாரர் என்றால் லாபத்திலும் நட்டத்திலும் பங்கு உள்ளவர். அராம்கோவுக்கு ஃபிஃபாவின் நட்டத்தில் என்ன பங்கு? ‘ஃபிஃபாவின் விளம்பரதாரர்களில் ஒன்றான சவூதி எண்ணெய் நிறுவனம் அராம்கோ’ என்று எழுதுங்கள். நீளம்தான். யார், என்ன விற்கிறார், எதற்காக வந்தார் என்ற மூன்றும் அதில் இருக்கின்றன.