'மூச்சே வரலையே தம்பி': முதுகில் போடும் ஊசியும் முதுமையும்

முட்டி மாற்று அறுவைக்கு, மரக்க வைக்க முதுகில் போடும் எபிடியூரல் ஊசியைப் போட்டு 20 நிமிடம் ஆகியிருக்கும். "தம்பி, மூச்சே வரலையே" என்றார் 78 வயதுப் பாட்டி. கணீரென்று சொன்னார் என்பதே எனக்குப் பாதி நிம்மதி. என் விரலை அழுத்தச் சொன்னேன், நன்றாக அழுத்தினார். இருமச் சொன்னேன், அது மட்டும் ஈனமாக வந்தது.

எபிடியூரல் மருந்து தண்டுவட உறைக்கு வெளியே பரவி நரம்புகளை மரக்க வைக்கிறது. இளவயதில் அதில் கொஞ்சம் முதுகெலும்பின் பக்கவாட்டுத் துளைகள் வழியே வெளியேறிவிடும். வயதாக ஆக அந்தத் துளைகள் குறுகுகின்றன. போக்கிடம் இல்லாத மருந்து மேலே ஏறுகிறது. இடுப்பில் போட்டது மார்பையும் மரக்க வைப்பது இப்படித்தான். அதனால் முதியவர்களுக்கு அளவைக் குறைத்து, மெல்லிய குழாய் வழியே சிறுகச் சிறுகக் கொடுப்போம்.

மார்பு மரத்தால் விலாத் தசைகளும் வயிற்றுத் தசைகளும் தளரும். மூச்சின் பெரும்பாரம், நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இடையே உள்ள தசையான உதரவிதானத்தின் மேல். அதை இயக்கும் நரம்பு கழுத்திலிருந்து வருவதால் பொதுவாகத் தப்பித்துவிடும். நெஞ்சு விரிவது உணர்வில் தெரியாததால்தான் மூச்சு வரவில்லை என்று தோன்றுகிறது. அடிவாங்குவது இருமல். பல வருடம் பீடி பிடித்த நுரையீரலுக்கு அது சின்ன விஷயம் இல்லை.

எனக்குப் பயம் வேறொன்றில். "பயப்படுறாங்க டாக்டர், அப்படியே தூங்க வெச்சிடுங்களேன்" என்று மகன், மகள் யாராவது கேட்பார்கள். முதுமையில், ஆக்சிஜன் குறைந்தாலும் கரியமில வாயு கூடினாலும் மூச்சை வேகப்படுத்தும் மூளையின் பதில் மந்தமாகிவிடும். அதன் மேல் தூக்க ஊசியும் சேர்ந்தால்? இளைஞருக்குக் கண் சொக்க வைக்கும் அளவே இவர்களுக்கு மூச்சை அடக்கிவிடலாம். பாட்டிக்கு நான் ஊசி போடவில்லை, பேச்சுக் கொடுத்தேன். பேரன் கல்யாணப் பந்தி வரை போனது கதை.

ஆஸ்துமா, இரவில் பலத்த குறட்டை, தினமும் போடும் தூக்க மாத்திரை: இவற்றை அறுவைக்கு முன்பே எங்களிடம் சொல்லிவிடுங்கள். "அதெல்லாம் எதுக்கு டாக்டர்கிட்ட" என்று விட்டவர்கள் நிறைய.

அப்புறம், அன்றைய இரவு. வலிக்கு எபிடியூரலில் மார்ஃபின் கொடுத்திருந்தால், மூச்சு மந்தமாவது பல மணி நேரம் கழித்தும், 24 மணி நேரம் வரையும் நடக்கலாம். விரலில் மாட்டிய, ஆக்சிஜன் அளவு காட்டும் கருவியை மட்டும் நம்ப வேண்டாம். ஆக்சிஜன் ஓடும்போது அது தாமதமாகத்தான் காட்டிக்கொடுக்கும். "நல்லா தூங்குறாங்க" என்று விட்டுவிடாமல், ஒரு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். 10-க்குக் கீழே இருந்தாலோ, தட்டி எழுப்பியும் கண் திறக்காவிட்டாலோ, நர்ஸை உடனே கூப்பிடுங்கள்.