ஹம்மிங் செய்தால் கொரோனா போகுமா? நைட்ரிக் ஆக்ஸைடு பற்றிக் கொஞ்சம்

2021, இரண்டாம் அலை. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரை மகன் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தார். காய்ச்சல் தொடங்கி எட்டு நாள் ஆகியிருந்தது. "தினமும் அரை மணி நேரம் வாயை மூடிக்கிட்டு 'ம்ம்ம்'னு சொல்றேன் டாக்டர். நைட்ரிக் ஆக்ஸைடு ஊறுமாமே?" என்று கேட்டு முடிப்பதற்குள் மூன்று முறை மூச்சு வாங்கியது. விரலில் ரத்த ஆக்ஸிஜனை அளக்கும் ஆக்ஸிமீட்டரை மாட்டினேன். 86, மிகக் குறைவு.

அவர் கேள்விப்பட்டது முழுப் பொய் அல்ல. மூக்கை ஒட்டிய சைனஸ் அறைகளில் நைட்ரிக் ஆக்ஸைடு என்ற இந்த வாயு தானாகவே உண்டாகிறது. ஹம்மிங் செய்யும்போது மூக்கு வழியே அது வெளிவரும் அளவு சுமார் 15 மடங்கு கூடுவதை 2002-ல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் அளந்து காட்டினார்கள். ரத்தக் குழாயின் உட்சுவரும் இதைச் சுரக்கிறது. குழாய் தளர்வாக இருக்கவும், ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் ஒட்டிக்கொள்ளாமல் இருக்கவும் இதுதான் உதவுகிறது. இதைக் கண்டறிந்த மூவருக்கு 1998-ல் நோபல் பரிசு கிடைத்தது. கொரோனா அந்த உட்சுவரையே புண்ணாக்கிவிடுகிறது. ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

சரி, சிகிச்சைக்கு வருவோம். ஐசியுவில் வென்டிலேட்டர் காற்றோடு இந்த வாயுவைப் பத்து லட்சத்தில் 20 பங்கு என்ற அளவில் கலந்து கொடுப்பதுண்டு. நுரையீரலில் காற்று போகிற இடங்களுக்கு மட்டும்தான் அது போய்ச் சேரும். அங்குள்ள ரத்தக் குழாய்கள் மட்டும் விரியும், ரத்தம் அந்தப் பக்கம் திரும்பும், ஆக்ஸிஜன் அளவு ஏறும். மானிட்டரில் எண் மெல்ல ஏறுவதைப் பார்க்கும்போது நமக்கே உயிர் வந்ததுபோல இருக்கும். ஆனால் உயிரிழப்பு குறைந்ததாக ஆய்வுகளில் உறுதியாகவில்லை. அளவு மீறினால் ரத்தம் ஆக்ஸிஜனைச் சுமக்கும் திறனை இழக்கும். திடீரென நிறுத்தினாலும் ஆபத்து. வீட்டில் செய்கிற வைத்தியம் இல்லை இது.

2022 பிப்ரவரியில் க்ளென்மார்க் நிறுவனம் 'ஃபேபிஸ்ப்ரே' என்ற நைட்ரிக் ஆக்ஸைடு மூக்கு ஸ்ப்ரேயை இந்தியாவில் கொண்டுவந்தது. மூக்கில் வைரஸ் வேகமாகக் குறைந்ததாக இங்கே நடந்த ஆய்வு சொன்னது. நோயின் தொடக்கத்தில், மூக்களவில் நடக்கும் வேலை அது. வைரஸ் நுரையீரலுக்குள் இறங்கிய பிறகு ஸ்ப்ரேயை நம்பிக் காத்திருக்கக் கூடாது.

இன்னொரு பயம் எனக்கு உண்டு. நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கும் சார்பிட்ரேட்டும் உடலில் நைட்ரிக் ஆக்ஸைடாகத்தான் வேலை செய்கிறது. கொரோனாவுக்கு நல்லது என்று அந்த மாத்திரையை எடுத்துப் போட்டுக்கொண்டால் பிரஷர் சட்டென இறங்கிவிடும். சில்டெனாஃபில் (வயாகரா) சாப்பிடுகிறவர் என்றால் உயிருக்கே ஆபத்து. தயவுசெய்து அதில் கைவைக்காதீர்கள்.

ஆசிரியருக்கு அன்று தேவைப்பட்டவை ஆக்ஸிஜன், டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து, ரத்தம் உறையாமலிருக்க ஊசி, குப்புறப் படுக்கும் பொறுமை. பதினொரு நாளில் வீடு திரும்பினார். "நாலு நாள் முன்னாடியே 93-ன்னு குறைச்சலா காட்டுச்சு டாக்டர், மெஷின் தப்புன்னு நினைச்சோம்" என்று மகன் சொன்னது அப்புறம்தான்.