கோட்டை வாசலைத் தாண்டியவர் எல்லோரும் கோயிலுக்கா போனார்கள்?

கோணேசர் கோயிலுக்குப் போகிற எவரும் பிரெட்ரிக் கோட்டை வாசலைத் தாண்டியே ஆக வேண்டும். திருகோணமலைப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் அதே பிள்ளைகள்தான் போட்டிப் பரீட்சையின் நுண்ணறிவு வினாத்தாளில், "ஒருவர் கோட்டை வாசலைத் தாண்டினார்; ஆகவே கோயிலுக்குப் போனார்" என்ற வடிவத்தில் வரும் முடிவுக்குச் சரி போட்டுவிட்டு வருகிறார்கள். மான் பார்க்கப் போகிறவர்களும், உள்ளே கடமையிலிருக்கும் படையினரும் அதே வாசலால்தான் நுழைகிறார்கள் என்பது தெரியாமல் இல்லை. பரீட்சை மண்டபத்தில் அது நினைவுக்கு வருவதில்லை.

உயர்தரத்துக்கு அளவையியலும் மாலையில் போட்டிப் பரீட்சை வகுப்பும் எடுக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: இந்தப் பகுதியில் புள்ளி பறிபோவது கடினமான கேள்விகளால் அல்ல. போதிய நிபந்தனையையும் அவசிய நிபந்தனையையும் இடம் மாற்றிவிடுவதால்தான். கோட்டைக்குள் நுழைவது கோயிலை அடைய அவசியம். அது மட்டும் போதாது. ஒருவர் கோயிலில் நிற்கிறார் என்பதோ, அவர் கோட்டைக்குள் வந்துவிட்டார் என்று முடிவு செய்யப் போதும். "கோயில் → கோட்டை" என்று தாளின் ஓரத்தில் அம்புக்குறி போட்டுக்கொள்ளுங்கள். வால் பக்கம் இருப்பது போதியது, தலைப் பக்கம் இருப்பது அவசியமானது. வால் உண்டு என்றால் தலையும் உண்டு. தலை இல்லை என்றால் வாலும் இல்லை. நியாயமான வழிகள் இந்த இரண்டும்தான். வால் பக்கத்தை முன்னெடை என்றும் தலைப் பக்கத்தைப் பின்னெடை என்றும், செல்லாத நியாயத்தைப் போலி என்றும் அளவையியலில் சொல்வோம். தலை இருப்பதால் வாலும் இருக்கும் என்பது பின்னெடையை விதிக்கும் போலி. வால் இல்லாததால் தலையும் இல்லை என்பது முன்னெடையை மறுக்கும் போலி.

அம்பை எந்தப் பக்கம் போடுவது? தமிழ் வினாத்தாளில் பாதி வித்தை ஒரு சின்னத் "தான்"இல் இருக்கிறது. "மூன்று பாடங்களிலும் சித்தியடைந்தால் பல்கலைக்கழக அனுமதி கிடைக்கும்" என்றால் சித்தி போதிய நிபந்தனை. "சித்தியடைந்தால்தான் கிடைக்கும்" என்றால் அது அவசிய நிபந்தனை. அம்பு அப்படியே திரும்பிவிடுகிறது. நாட்டு நடப்பில் இரண்டாவதே உண்மை என்பது, சித்தியடைந்தும், அனுமதியைத் தீர்மானிக்கும் ஒப்பீட்டுப் புள்ளியான இசட் புள்ளி போதாமல் வீட்டிலிருக்கும் பிள்ளைகளைக் கேட்டால் தெரியும். "அதிபரின் கையொப்பம் இல்லாத சான்றிதழ் செல்லாது" என்பதிலும் அதே "தான்" ஒளிந்திருக்கிறது: கையொப்பம் இருந்தால்தான் செல்லும்.

இந்தத் தடுமாற்றம் நம் பிள்ளைகளுக்கு மட்டும் உரியதல்ல. பீட்டர் வேசன் என்ற பிரித்தானிய உளவியலாளர் 1966இல் எழுதிய அட்டைப் புதிரைத் தமிழுக்கு மாற்றி வகுப்பில் கொடுப்பதுண்டு. ஒவ்வோர் அட்டையிலும் ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் எண். விதி: ஒரு பக்கம் உயிரெழுத்து என்றால் மறுபக்கம் இரட்டை எண். மேசையில் தெரிபவை அ, க, 4, 7. விதி சரியா என்று பார்க்க எவற்றைத் திருப்ப வேண்டும்? பெரும்பாலானோர் அ, 4 என்பார்கள். சரியான விடை அ, 7. 4இன் பின்னால் க இருந்தாலும் விதிக்கு ஒன்றும் ஆகாது. 7இன் பின்னால் அ இருந்தால் விதி உடைந்துவிடும். இதையே குடிக்கும் பானம், குறைந்தபட்ச வயது என்ற பழகிய விடயமாக மாற்றி 1982இல் கொடுத்தபோது பெரும்பாலானோர் சரியாகச் சொன்னார்கள்.

பழகிய விடயம் எப்போதும் கைகொடுக்கும் என்றும் நம்ப வேண்டாம். "கொழும்பிலிருந்து திருகோணமலைக்கு ரயிலில் வருகிறவர் கல்ஓயாச் சந்தியைக் கடக்கிறார். இவர் கொழும்பில் ஏறி அந்தச் சந்தியைக் கடந்துவிட்டார்." நம் ஊரில் இதற்கு உடனே கிடைக்கும் விடை: "திருகோணமலைக்கு வருகிறார்." மட்டக்களப்புப் பாதை பிரிவதும் அங்கேதான். எப்போதும் நம் ரயிலிலேயே ஏறிப் பழகியவருக்கு அடுத்த தண்டவாளம் கண்ணில் படுவதில்லை.

இப்படிப்பட்ட கேள்வியின் கடைசித் தெரிவு பெரும்பாலும் "தந்த தரவுகளைக் கொண்டு முடிவு கூற முடியாது" என்று இருக்கும். அதைத் தொடுவது தோல்வியை ஒப்புக்கொள்வதுபோல் பலர் தயங்குகிறார்கள். அரசாங்க வேலைக்கான பரீட்சையில் "தெரியாது" என்று எழுதலாமா என்று ஒரு தம்பி கேட்டே விட்டார். அது தெரியாது என்பதல்ல, தரவு போதாது என்பது. கூற்றுகள் இரண்டும் உண்மையாக இருக்க, முடிவு மட்டும் பொய்யாகும் ஓர் உதாரணம் தேடுங்கள். மட்டக்களப்புக்குப் போகும் ஒரு பயணி கிடைத்தாலே திருகோணமலைத் தெரிவை வெட்டிவிடலாம்.