தாதுவோடு ஆலைக்குள் வரும் பாதரசம்

தங்கத் தாதுவில் பாதரசத்தைக் கலந்து பொன்னைப் பிரிக்கும் சிறு சுரங்கங்களின் ஆபத்தைப் பலரும் அறிவார்கள். உலோகப் பிரிப்பு ஆலைகளில் தொழிற்பாதுகாப்புப் பணி செய்பவன் என்ற முறையில், யாரும் வாங்காமலே தாதுவுடன் உள்ளே நுழையும் பாதரசமே எனக்கு அதைவிடக் கவலை தருகிறது. கொள்முதல் பதிவேட்டில் அதன் பெயர் இருக்காது என்பதால், அதைத் தேடுவாரும் இருப்பதில்லை.

தாதுவைச் சயனைடு கரைசலால் கரைக்கும்போது, அதிலுள்ள பாதரசத்தில் ஒரு பகுதியும் தங்கத்தோடு கரைந்து, கரைசலிலிருந்து தங்கத்தை ஈர்க்கும் கரியில் ஒட்டி, மின்சாரத்தால் தங்கத்தைப் படியவைக்கும் மின்பகுப்புக் கலத்தின் கசடுவரை வந்துவிடுகிறது. பாதரசம் 357 டிகிரி செல்சியஸில் கொதித்துவிடும். தங்கம் உருகவோ 1,064 டிகிரி வேண்டும். ஆகவே கசடை நேரே உருக்கு உலையில் இட்டால், அதிலுள்ள பாதரசம் முழுவதும் ஆவியாகிவிடும். முதலில் ரிட்டார்ட் எனப்படும் மூடிய வாலையில், அதாவது காய்ச்சி வடிக்கும் கலத்தில், சூடாக்கி, ஆவியைக் குளிர்வித்துத் திரவமாகப் பிடித்து, எஞ்சிய வாயுவைக் கந்தகமேற்றிய கரி வழியாகச் செலுத்த வேண்டும். துத்தநாகத் தாதுவிலும் இதே சிக்கல் உண்டு: அதை வறுக்கும் ஆலைகளில், வெளிவரும் கந்தக டை ஆக்சைடு வாயுவைக் கழுவிப் பாதரசத்தை நீக்காவிட்டால், அந்த வாயுவிலிருந்து தயாரித்து விற்கும் கந்தக அமிலத்திலேயே அது கலந்துவிடும்.

பிடித்துவைத்த பாதரசத்துக்கும் காவல் தேவை. 2000 ஜூன் 2 அன்று பெரு நாட்டில், தங்கச் சுரங்கம் ஒன்றிலிருந்து சென்ற லாரி ஏறத்தாழ 151 கிலோ பாதரசத்தை வழியெங்கும் சிந்திச் சென்றது. சோரோபம்பா கிராமத்தார் அதை விலைமதிப்புள்ள பொருளென்று நம்பி, வெறுங்கையால் அள்ளி வீட்டுக்குக் கொண்டுபோனார்கள், நூற்றுக்கணக்கானோர் நோயுற்றார்கள்.

ஆலைக்குள், வாலை இயங்கும் நேரத்தைவிட அதைத் திறந்து சுத்தம் செய்யும் நேரமே ஆபத்து மிகுந்தது என்பது என் அனுபவம். குளிர்விப்புக் குழாயின் வளைவிலும் தரை விரிசலிலும் கையுறை மடிப்பிலும் குண்டூசித் தலையளவு துளிகள் தங்கி, அறை வெப்பத்திலேயே ஆவியாகிக்கொண்டிருக்கும். அந்த ஆவிக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. சுவாசித்ததில் சுமார் 80 சதவீதம் உடலில் சேர்ந்துவிடும். தூசிக்கான முகக்கவசம் இதைத் தடுக்காது; பாதரச ஆவிக்கென்றே உள்ள வடிகட்டி வேண்டும். துடைப்பத்தாலோ சாதாரண வேக்குவம் கிளீனராலோ கூட்டினால் துளிகள் சிதறி, ஆவி பெருகும். உடையில் ஒட்டிய துளிகளின் ஆவி வீட்டிலுள்ள கர்ப்பிணியின் கருவிலுள்ள சிசுவையும் எட்டும் என்பதால், வேலை உடையை வீட்டுக்கு எடுத்துச் செல்ல யாரையும் அனுமதிக்கக் கூடாது.

கை நடுக்கம், ஈறு வீக்கம், தூக்கமின்மை, காரணமில்லாத எரிச்சல் ஆகியவற்றை வயதின் மீதும் களைப்பின் மீதும் பழிபோட்டு விட்டுவிடுகிறார்கள். பணியில் சேரும்போது ஒருமுறையும், பிறகு குறித்த இடைவெளிகளிலும் சிறுநீரில் பாதரச அளவைப் பரிசோதித்து, அது ஏறத் தொடங்கியதுமே அந்தத் தொழிலாளியை வேறு பிரிவுக்கு மாற்றிவிட்டு, ஆவி எங்கிருந்து கசிகிறது என்று தேட வேண்டும்.