செம்புக் கம்பியில் பச்சைச் சுடர்

ஆம்பூரிலிருந்து வந்த பாய் மேசைமேல் இரண்டு துண்டுகளை வைத்தார். ஒன்று பெல்ட்டுக்கான தோல், இன்னொன்று அதே பழுப்பு நிறத்தில் ரெக்சின். "முதல்ல ரெக்சின்ல டிசைன் போட்டுப் பாருங்க தம்பி. தோல் விலை தெரியும்ல, வீணாகக் கூடாது." அவர் தொழிலில் அது நியாயமான கணக்கு. லேசரில் அதைவிட ஆபத்தான கணக்கு இல்லை.

காட்பாடிப் பக்கம் ஒரு மாடியில் நடக்கிறது எங்கள் மேக்கர்ஸ்பேஸ், கருவிகளைப் பொதுவில் வைத்துப் பலரும் செய்து பழகும் பட்டறை. 3டி பிரிண்டர், சால்டரிங் மேசை, தச்சு வேலைக்கு ஒரு மூலை எல்லாம் உண்டு. ஆனாலும் சனிக்கிழமைப் பயிற்சிக்கு வருகிறவர்கள் கும்பலாகப் போய் நிற்பது, ஒளியாலேயே பொருளை வெட்டவும் அதில் டிசைன் பொறிக்கவும் செய்யும் லேசர் கட்டர் முன்னால்தான்.

அதன் உயிர் ஒரு கண்ணாடிக் குழாய். உள்ளே கார்பன் டை ஆக்சைடு, நைட்ரஜன், ஹீலியம் மூன்றும் கலந்திருக்கும். பல ஆயிரம் வோல்ட் மின்சாரம் பாயும்போது முதலில் துள்ளுவது நைட்ரஜன். அது தன் துள்ளலைக் கார்பன் டை ஆக்சைடின் மேல் மோதி இறக்கி வைக்கிறது. அதிர்ந்து நிற்கும் அந்த மூலக்கூறு ஒரு படி கீழே இறங்கும்போது ஒளி பிறக்கிறது. இரு முனைகளிலும் உள்ள ஆடிகளுக்கு இடையே போய்த் திரும்பி அந்த ஒளி பெருகும். இதை 1964இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் செய்து காட்டியவர் மகாராஷ்டிரத்தின் பாராமதியில் பிறந்த குமார் பட்டேல்.

ஒளி விட்டுக் களைத்த மூலக்கூறுகளைத் தட்டி, அடுத்த சுற்றுக்குத் தயாராக்குவது ஹீலியம். குழாய் சூடேறினால் இந்த வேலை கெட்டு, ஒளி மங்கும். உள்ளே போகும் மின்சாரத்தில் பெரும்பகுதி வெப்பமாகத்தான் மாறுகிறது என்பதால் குழாயைச் சுற்றித் தண்ணீர் ஓட வேண்டும், அதுவும் 20 டிகிரியை ஒட்டி. கத்திரி வெயிலில் வேலூர் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீரைத் திறந்து கை நீட்டியவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம். தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் இல்லாமல் மே மாதத்தில் எங்கள் மெஷினை ஓட்டுவதில்லை.

வெளியே வரும் ஒளி கண்ணுக்குத் தெரியாது. அதன் அலைநீளம் 10.6 மைக்ரோமீட்டர், சிவப்பு ஒளியைப் போல் சுமார் 15 மடங்கு. இங்கேதான் வேடிக்கை. நமக்குப் பளிங்காகத் தெரியும் அக்ரிலிக்கும் சாதாரணக் கண்ணாடியும் இந்த ஒளிக்குச் சுவர். அதனால்தான் அக்ரிலிக் பலகை ஒளியை முழுக்க விழுங்கி வெண்ணெயாக வெட்டுப்படுகிறது. அதே அக்ரிலிக்கில் செய்த மூடி, சிதறி வரும் ஒளி நம் கண்ணுக்கு வராமல் தடுக்கிறது. ஒளியைக் குவிக்கும் லென்ஸும் கண்ணாடியாக இருக்க முடியாது. மஞ்சளாக இருக்கும் துத்தநாக செலினைடு அது. செம்பு, அலுமினியம் போன்றவை இந்த ஒளியைப் பெரும்பாலும் திருப்பி அடித்துவிடும்.

ஆக, எதை வெட்டலாம் என்று முடிவு செய்வது மெஷின் அல்ல, வைக்கும் பொருள். பாயின் ரெக்சினுக்கு வருவோம். பல ரெக்சின்களின் மேல்பூச்சு பி.வி.சி. அதன் எடையில் பாதிக்கு மேல் குளோரின். லேசர் பட்டதும் ஹைட்ரஜன் குளோரைடு வாயு கிளம்பும், காற்றின் ஈரத்தோடு சேர்ந்தால் அமிலம். நுரையீரலை அரிப்பதோடு மெஷினின் தண்டவாளத்தையும் ஆடிகளையும் துருவாக்கிக் கெடுக்கும்.

எது பி.வி.சி. என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. சோதனை எளிது, 1872இல் பைல்ஸ்டைன் என்ற வேதியியலாளர் சொன்னது. ஒரு செம்புக் கம்பியை கேஸ் சுடரில் நிறமில்லாமல் எரியும்வரை காய்ச்ச வேண்டும். (ஒயரை உரித்த கம்பியானால் நன்றாகவே காய்ச்சுங்கள், அதன் உறையும் பி.வி.சி.தான்!) சூடாக இருக்கும்போதே பொருளின்மேல் ஒற்றி மறுபடி சுடரில் காட்ட வேண்டும். சுடர் பச்சையானால் குளோரின் இருக்கிறது என்று சந்தேகிக்கலாம். ஜன்னலோரம் கொண்டுபோய்ச் செய்தோம். சுடர் பளிச்சென்று பச்சையாயிற்று.

"அப்போ தோலு?" என்றார் பாய்.

"குரோம்ல பதனிட்டதா, பட்டையிலயா?" என்று கேட்டேன். குரோம் தோலை லேசரில் சுட்டால் அதிலுள்ள குரோமியம் நச்சு வடிவத்துக்கு மாற வாய்ப்புண்டு என்பதால் அதை நாங்கள் ஏற்பதில்லை. அவர் கொஞ்சம் கோபமாகவே பார்த்தார். "ஆவாரம் பட்டை தம்பி. பெல்ட்டுக்கு வேற என்ன போடுவேன்?"

ஒத்திகையை அட்டையில் முடித்துவிட்டுத் தோலை வைத்தோம். கொடி டிசைன் கரும்பழுப்பாக இறங்கியது. எக்ஸாஸ்ட் ஓடியும் முடி கருகும் வாடை அறையில் நின்றது. தோலும் முடியும் புரதம்தானே. பயிற்சிக்கு வந்த பிள்ளைகள் மூக்கைப் பிடித்தார்கள். பாய் மட்டும் அசையவில்லை. "இதெல்லாம் ஒரு வாடையா?" என்றவர், கிளம்பும்போது அந்தச் செம்புக் கம்பியைக் கேட்டு வாங்கிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.