பானெட்டில் வந்த கொப்புளம்: வெட்டவெளியில் காருக்கு பெயிண்ட் அடிப்பதற்கு முன்

எங்கள் மாருதி 800-க்கு வீட்டு வாசலில் வைத்தே நான் பெயிண்ட் அடித்தேன். தூத்துக்குடியில் எங்கள் தெருவில் யார் வீட்டிலும் கார் ஷெட் கிடையாது, வண்டி எல்லாம் வேப்பமரத்தடியில்தான் நிற்கும். அடித்து முடித்தபோது நன்றாகவே இருந்தது. அங்கங்கே தூசி, ஒரு இடத்தில் ஒரு கொசு, அவ்வளவுதான். பெயிண்ட் நன்றாகக் காய்ந்த பிறகு 1500 நம்பர் வாட்டர் பேப்பரால் (தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) மெல்லத் தேய்த்து பாலிஷ் போட்டதும் அதுவும் போய்விட்டது. மழைக்காலம் முடிந்ததும் பார்த்தால், பானெட் முழுக்கக் கடுகு கடுகாகக் கொப்புளம். ஊசியால் குத்தினால் உள்ளே தண்ணீர்!

வெளியே வைத்து பெயிண்ட் அடிக்கப் போகிறேன் என்றால் எல்லோரும் தூசியைச் சொல்லித்தான் பயமுறுத்துவார்கள். தூசி பெயிண்டுக்கு மேலே விழுகிறது, அதை எடுத்துவிடலாம். பெயிண்டுக்குக் கீழே மாட்டிக்கொள்வதை எடுக்க வழியே இல்லை.

காரின் பெயிண்ட் பார்க்கக் கண்ணாடி மாதிரி இருந்தாலும், பிரைமர் முதல் கடைசிப் பூச்சு வரை எல்லாம் சேர்த்து 100 முதல் 150 மைக்ரான் தடிமன்தான், அதாவது இரண்டு தலைமுடி அளவு. நீராவி அதற்குள் மெதுவாகப் புகுந்து போய்வந்துகொண்டுதான் இருக்கும். சும்மா போய்வந்தால் பிரச்சினை இல்லை. கீழே உப்பு இருந்தால்தான் வினை. மாங்காய்த் துண்டில் உப்பைப் போட்டு ஒரு ராத்திரி வைத்தால் ஜாடியில் தண்ணீர் நிற்கிறதல்லவா, அதே சங்கதிதான். பள்ளியில் சவ்வூடு பரவல் என்று படித்தோமே, அது. பெயிண்ட் படலம்தான் இங்கே சவ்வு. அடியில் இருக்கும் உப்பு மழைநீரைச் சொட்டுச் சொட்டாக உள்ளே இழுக்க, சேர்ந்த தண்ணீர் படலத்தை மேலே தள்ளிக் கொப்புளமாக்கிவிடுகிறது.

அந்த உப்பு எங்கிருந்து வந்தது? நானே ஊற்றியதுதான். பழைய பெயிண்டைத் தேய்த்து முடித்துவிட்டு போர் தண்ணீரில் கழுவி, வெயிலில் காயவிட்டேன். எங்கள் ஊர் போர் தண்ணீரை ஒரு எவர்சில்வர் தட்டில் காயவைத்துப் பாருங்கள், வெள்ளை வெள்ளையாகப் படிந்திருக்கும். அதே படிவு பானெட்டிலும் இருந்திருக்கிறது, அதன் மேலேதான் நான் பெயிண்ட் அடித்திருக்கிறேன். கழுவியதெல்லாம் போர் தண்ணீராக இருந்தாலும் பரவாயில்லை, கடைசிக் கழுவலுக்கு மட்டும் இரண்டு கேன் ஆர்.ஓ. தண்ணீர் வாங்குங்கள், தானாகக் காய விடாமல் சுத்தமான துணியால் உடனே ஒற்றி எடுங்கள். அப்புறம் வெறுங்கையால் தொடக் கூடாது, ஏனென்றால் கை வியர்வையிலும் உப்பும் எண்ணெயும் இருக்கிறது.

வேலையின் வரிசையும் முக்கியம். முதலில் சோப்புத் தண்ணீர், அடுத்தது எண்ணெய்ப் பிசுக்கு எடுப்பது, அதற்கப்புறம்தான் உப்புத்தாள். பலர் இதை மாற்றிச் செய்துவிடுகிறார்கள். பிசுக்கோடு தேய்த்தால், தேய்க்கும்போது விழும் கீறல்களுக்குள் அந்தப் பிசுக்கை நாமே திணித்துவிடுகிறோம். டயர் பாலிஷ், டேஷ்போர்டு பாலிஷ் இவற்றில் இருக்கும் சிலிக்கோன் ரொம்ப மோசம். அதன் பரப்பு இழுவிசை பெயிண்டைவிடக் குறைவு என்பதால், அது துளி இருக்கும் இடத்திலிருந்து பெயிண்ட் விலகி ஓடிவிடும், மீன் கண் மாதிரிக் குழி குழியாக நிற்கும். பிசுக்கு எடுக்கும் திரவத்தை ஒரு துணியில் நனைத்துத் தடவி, அது ஆவியாவதற்குள் இன்னொரு உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். ஒரே துணி என்றால் பிசுக்கு இடம் மாறுமே தவிர போகாது. போய்விட்டதா என்று தெரிந்துகொள்ளத் தண்ணீர் ஊற்றிப் பார்க்கலாம்: தாளாக விரிந்து நின்றால் சரி, முத்து முத்தாகத் திரண்டால் இன்னும் பிசுக்கு இருக்கிறது.

தேய்ப்பது எதற்கு என்றால், வழவழப்பில் பெயிண்டுக்குப் பிடிமானம் இல்லை, நுண்ணிய கீறல்களுக்குள் இறங்கிக் காய்ந்தால்தான் பிடிக்கும். 400 நம்பர் தாளின் மணல் சுமார் 35 மைக்ரான், அந்தக் கீறலைப் பெயிண்ட் மூடிவிடும். அதைவிடக் கரடுமுரடான 80 நம்பரோடு நிறுத்தினால் கோடு கோடாகத் தெரியும். துருப்பிடித்த இடத்தில் மட்டும் 80-ல் ஆரம்பித்து, குழியின் அடி வரை பளபளப்பான இரும்பு தெரியத் தேய்த்துவிட்டு, படிப்படியாக அதிக நம்பர் தாளுக்கு வரவேண்டும். எங்கள் ஊர்க் காற்றில் வெறும் இரும்பு மறுநாளே சிவந்துவிடும், அதனால் அன்றைக்கே பிரைமர் அடித்துவிடுங்கள்.

பட்டி பார்த்த இடத்தில் வாட்டர் பேப்பர் வேண்டவே வேண்டாம். பட்டியில் கலந்திருக்கும் டால்க் தூள் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். மேலே காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே ஈரம் இருக்கும். அங்கே உலர்தாள் மட்டும்தான்.

அடுத்தது காற்றில் இருக்கும் ஈரம். இரவில் காரின் கூரை தன் வெப்பத்தை வானத்துக்கு வீசிவிட்டு, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடுகிறது. பனி படிவது அதனால்தான். 30 டிகிரி வெப்பம், 70 சதவீத ஈரப்பதம் என்றால் சுமார் 24 டிகிரியிலேயே பனி படியும். தகடு அதைவிட 3 டிகிரியாவது சூடாக இருக்க வேண்டும். கருவி இல்லையா? எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் ஊற்றி, ஐஸைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கலக்குங்கள். வெளிப்புறம் மங்கும் நேரத்தில் தண்ணீர் எத்தனை டிகிரியோ, அதுதான் பனிநிலை. நான் அடித்தது என்.சி. பெயிண்ட், அதாவது தின்னர் ஆவியாகியே காயும் நைட்ரோசெல்லுலோஸ் பெயிண்ட். அதில் தின்னர் ஆவியாகும்போது தகடு இன்னும் குளிரும், ஈரமான நாளில் அடித்தால் அப்படியே வெள்ளை பூத்துவிடும்.

பி.யு. (பாலியூரித்தேன்) பெயிண்டை மட்டும் தெருவில் அடிக்காதீர்கள். அது இறுகுவதற்காகக் கலக்கும் ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட் என்ற ரசாயனம் ஆஸ்துமாவையே கொண்டுவரும், துணி மாஸ்க் அதைத் தடுக்காது, பக்கத்து வீட்டுக் குழந்தைகளும் அதே காற்றைத்தான் சுவாசிக்கிறார்கள். தேய்ப்பு வேலையை வீட்டில் முடித்துவிட்டு பி.யு. பெயிண்டை, பெயிண்ட் அடிப்பதற்கென்றே மூடிய அறை (பூத்) உள்ள ஒர்க் ஷாப்பில் அடிக்கக் கொடுங்கள்.

மாதம் பார்ப்பதென்றால் மாசி, பங்குனி. ஆடிக் காற்றும் மார்கழிப் பனியும் வேண்டாம். மரத்தடியைவிடக் காலையில் வீட்டின் மேற்குப் பக்க நிழல் நல்லது, இலையும் காக்கை எச்சமும் விழாது. வாசல் தெளிப்பது மாதிரி தரையில் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்கிவிட்டு, ஒன்பது மணிக்கு மேல், பனி போய்த் தகடு உலர்ந்த பிறகு ஆரம்பியுங்கள். மதியம் கடல்காற்று ஏறும்போது பாதி வேலை மிச்சம் இருந்தாலும் ஸ்ப்ரே கன்னைக் கீழே வைத்துவிடுங்கள்.