பின்னிருக்கைக்கும் சீட் பெல்ட்: சட்டம் சொல்வதும் ஆய்வு காட்டுவதும்

காரின் பின்னிருக்கையில் அமர்வோருக்கு சீட் பெல்ட் தேவையில்லை என்று பலர் எண்ணுகின்றனர். ஆனால் மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இன் 138(3) ஆம் விதி, ஓட்டுநரும் முன்னிருக்கைப் பயணியும் மட்டுமன்றி, முன்னோக்கி அமைந்த பின்னிருக்கைகளில் இருப்போரும் வண்டி ஓடும்போது பெல்ட் அணிந்திருக்க வேண்டும் என்கிறது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 194பி பிரிவின்படி, பெல்ட் அணியாமல் ஓட்டினாலும், அணியாத பயணிகளை ஏற்றிச் சென்றாலும் 1,000 ரூபாய் அபராதம் உண்டு. பயணி அணியாவிட்டாலும் பொறுப்பு ஓட்டுபவருடையது. 14 வயது நிறையாத குழந்தையை பெல்ட் அல்லது குழந்தைகளுக்கான பாதுகாப்பு இருக்கை இல்லாமல் அழைத்துச் செல்வதற்கும் அதே தொகைதான். நின்று பயணம் செய்யும் பேருந்து போன்ற வாகனங்களுக்கு மாநில அரசு விலக்கு அளிக்கலாம்.

பெல்ட் எவ்வளவு காக்கிறது என்பதை அளப்பது எளிதன்று. அணிந்தோரிலும் அணியாதோரிலும் இறந்தவர்களை எண்ணி ஒப்பிட்டால் போதாது. பெல்ட் அணிபவர் பெரும்பாலும் நிதானமாக ஓட்டுபவர் என்பதால், அவர் சந்திக்கும் மோதலே இலேசானதாக இருந்திருக்கலாம். இச்சிக்கலைத் தீர்க்க, அமெரிக்காவில் லியோனர்ட் எவன்ஸ் என்ற சாலைப் பாதுகாப்பு ஆய்வாளர் 1986-இல் ஒரே காரில் அருகருகே அமர்ந்திருந்த இருவரை ஒப்பிட்டார். இருவருக்கும் மோதல் ஒன்றே. பக்கத்தில் இருப்பவரை அளவுகோலாக வைத்து, ஓட்டுநர் பெல்ட் அணிந்திருந்த விபத்துகளிலும் அணியாத விபத்துகளிலும் அவரது இறப்பு விகிதம் எப்படி மாறுகிறது என்று கணக்கிட்டபோது, முன்னிருக்கையில் இறப்பு சுமார் 41 விழுக்காடு குறைவதாகத் தெரிந்தது. பின்னாளில் அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் கார்களுக்கு 45 விழுக்காடு என்று கணித்தது. இதற்கிடையே, பெல்ட் கட்டாயமான பிறகு, உயிர் பிழைத்தவர்களில் சிலர் அணியாமலே அணிந்திருந்ததாகச் சொல்லத் தொடங்கியதால், பெல்ட்டின் பலன் உள்ளதைவிடக் கூடுதலாகத் தோன்றியது. அபராத பயம் புள்ளிவிவரத்தையும் பாதிக்கும் என்பதால் அதற்கென ஒரு திருத்தம் செய்ய வேண்டியிருந்தது.

பின்னிருக்கையைப் பொறுத்தவரை, அங்கே அணிவது அணிபவரை மட்டும் காப்பதன்று. பெல்ட் இல்லாத பயணி மோதலின்போது முன்னிருக்கையின் முதுகில் முழு வேகத்தில் போய் இடிக்கிறார். 2002-இல் வெளியான ஜப்பானிய ஆய்வொன்றில், பின்னால் இருந்தவர்கள் பெல்ட் அணியாத கார்களில், பெல்ட் அணிந்து முன்னால் இருந்தவர்கள் இறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ ஐந்து மடங்காக இருந்தது. ஓட்டுபவர் மீதே அபராதம் விதிக்கும் 194பி பிரிவு, இந்த வகையில், அவரது உயிருக்கும் சேர்த்தே பேசுகிறது.